பத்தடி நடந்தால் கூப்பிட வேண்டும்

இங்கே ஜூலை மாதம் வந்தால் சாலை ஓரங்களில் ஆளில்லாத கடைகள் முளைத்துவிடும். கடை என்றால் ஒரு மர மேசை, அதன்மேல் ஸ்ட்ராபெரிப் பழம் நிரப்பிய பெட்டிகள், பெட்டி ஆறு யூரோ என்று எழுதிய ஓர் அட்டை, காசு போட ஒரு பூட்டிய தகர டப்பா. அவ்வளவுதான். தோட்டத்துக்காரர் எங்கோ உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வருகிறவர்கள் காசைப் போட்டுவிட்டுப் பழத்தை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். ஃபின்லாந்துக்கு வந்த புதிதில் நானும் இதைப் படமெடுத்து ஊருக்கு அனுப்பியவள்தான். பதினோரு வருடத்தில் எல்லாம் பழகிப்போய், அந்த மேசைகள் என் கண்ணில் படுவதே நின்றுவிட்டது. போன கோடையில் என் அக்கா வந்து அப்படியொரு மேசையின் முன்னால் கால் மணி நேரம் அசையாமல் நின்றபோதுதான் நான் அதை மறுபடி பார்த்தேன்.

“யாருக்காக நிக்கறக்கா?” என்று கேட்டேன்.

“கடைக்காரங்க வரட்டும்.”

“வரமாட்டாங்க. காசை டப்பாவுல போட்டுட்டு நாமளே எடுத்துக்கணும்.”

“அப்ப வெலைய யாருகிட்ட கேக்குறது?”

“அதான் அட்டையில எழுதியிருக்குதே.”

“எழுதுனா ஆச்சா? அது அவங்க சொல்ற வெல. நாம சொல்றத யாரு கேப்பா?”

 காரில் உட்கார்ந்திருந்த என் மகள், பெரியம்மா யாருக்காகக் காத்து நிற்கிறார் என்று ஃபின்னிஷ் மொழியில் என்னைக் கேட்டாள்.  கடைசியில் அக்கா ஆறு யூரோவை டப்பாவில் போட்டாள். ஒரு பெட்டியை எடுத்தாள். பிறகு பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு பழத்தை எடுத்து எங்கள் பெட்டியின் மேல் வைத்து, எதிரே நின்ற வெள்ளைப் பட்டைப் பூர்ச்ச மரங்களைப் பார்த்து, “கொசுறுங்க” என்று சொல்லிவிட்டு வந்து காரில் ஏறினாள். எடுப்பதைச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும் என்பது அவளுடைய நேர்மை. எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அக்காவின் பெயர் மாதம்மாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் போகிற வழியில் எங்கள் ஊர். அப்பா இறந்தபோது எனக்கு எட்டு வயது, அவளுக்குப் பதினேழு. அதன்பிறகு அம்மா காட்டைப் பார்த்தாள், அக்கா சந்தையைப் பார்த்தாள், நான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் வீட்டில் வேலை அப்படிப் பிரிந்தது. பாப்பாரப்பட்டி வாரச் சந்தையில் தக்காளியும் அவரையும் கத்தரியும் விற்று விற்றே என்னைச் சேலத்தில் நர்சிங் படிக்க வைத்தாள். இன்றைக்கும் அவளுக்கு அந்தச் சந்தையில் அதே இடம்தான். மாமாவும் அவளும் பயிர் செய்வதை அவளேதான் கொண்டுபோய் விற்கிறாள். அப்படிப்பட்டவள் கடையை மூன்று வாரம் சும்மா விட்டுவிட்டு ஊர் சுற்றிப் பார்க்க மட்டும் விமானம் ஏறி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். அவள் வீட்டை ஒட்டினாற்போல் பத்து சென்ட் நிலம் இருக்கிறது. பத்திரம் அவள் பெயரில்தான் என்றாலும், அது எனக்கு என்று அவள் ஒதுக்கியது. நான் திரும்பி வந்தால் வீடு கட்டிக்கொள்ள. பதினோரு வருடமாக அதில் அவள் எதுவும் நட்டதில்லை. வேலியோரம் கொஞ்சம் அவரைக்கொடி, மற்றபடி வெறும் நிலம். இப்போது எதிர் வீட்டுக் கோவிந்தன் தன் மகனுக்கு வீடு கட்ட அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆவணி பிறந்ததும் அஸ்திவாரத்துக்குக் கடக்கால் எடுக்க வேண்டுமாம். “சித்ரா வர்றாளா, வரலையா? ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க” என்று நாள்தோறும் வாசலில் வந்து நின்றாராம். போனில் அக்கா இதைச் சொன்ன ஒவ்வொரு முறையும் நான் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசித் தப்பித்தேன். ஆகவே அவள் நேரில் வந்திருந்தாள். வந்து இரண்டு வாரமாகியும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பெரிய பேரத்தில் முதல் விலையை நாம் சொல்லக் கூடாது, எதிராளி வாயிலிருந்து வரவைக்க வேண்டும் என்பது அவள் தொழில் விதி. நானும் அவளிடம் வளர்ந்தவள், வாயைத் திறக்கவில்லை.

பேரம் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. காரணம் ஒரு டீச்சர். ஏழாவது படிக்கும்போது எனக்குக் கணக்கு எடுத்தவர், நல்லவர், எனக்கு அவரைப் பிடிக்கும். ஒரு சந்தை நாளில் நான் அக்காவுக்குப் பின்னால் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தபோது அவர் பையோடு வந்து நின்றார். நான் சட்டென்று காலிக் கூடையை எடுத்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டேன். டீச்சர் ஒரு கூறு தக்காளியை விலை கேட்டார். அக்கா சொன்னாள். டீச்சர் அதில் பாதியைச் சொன்னார். “கட்டாதுங்க டீச்சர்” என்றாள் அக்கா. டீச்சர் தக்காளியைத் திரும்ப வைத்துவிட்டு நடந்தார். அப்பாடா, போய்விட்டார் என்று நான் மூச்சுவிட்டேன். அக்கா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தடி போயிருப்பார். “டீச்சர், வாங்க, வந்து எடுத்துக்கங்க” என்று சந்தைக்கே கேட்கும்படி கூப்பிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். இரண்டு பேருக்கும் நடுவான ஒரு விலை. மேலே ஒரு கொத்து கறிவேப்பிலை. எனக்கு அவமானத்தில் காது சூடேறிப்போனது.

“அவங்கதான் போயிட்டாங்கல்ல, நீ ஏன் கூப்புட்ட? நமக்கு ரோசமே இல்லையா?” என்று அவர் போன பிறகு சண்டை போட்டேன்.

“போறவங்க எங்க போனாங்க? மெதுவாத்தான நடந்தாங்க. வேணும்னுதான் மெதுவா நடக்குறாங்க. நாம கூப்புடணும்னு நடக்குறாங்க. வேணாங்கறவங்க விசுக்குன்னு போயிடுவாங்க புள்ள.”

அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. என்றைக்காவது ஒருநாள் யாரும் யாரையும் குறைத்துக் கேட்காத ஊருக்குப் போய்விட வேண்டும் என்று நினைத்தேன். அப்படி ஓர் ஊர் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது, வந்தும் சேர்ந்தேன். ஆனால் ரத்தத்தில் இருப்பது சும்மா விடுமா? வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு கோட்டு வாங்கப் போனேன். விலை என் கணக்குக்கு மேலே இருந்தது. என்னையறியாமலே “கடைசி விலை என்ன?” என்று கேட்டுவிட்டேன். கடைப் பெண் கோட்டை வாங்கி உள்ளும் புறமும் புரட்டிப் பார்த்தாள். “மன்னியுங்கள், எந்த இடத்தில் பழுது?” என்று கேட்டாள். பழுது எதுவும் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. உள்ளே போய் அதே மாதிரி புதிய கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து, அதே விலையில், மிகுந்த வருத்தத்தோடு கொடுத்தாள். அதோடு நான் கடைசி விலை கேட்பதை விட்டேன். விலைச்சீட்டில் உள்ளதைக் கொடுத்துவிட்டு வருவதில் ஒரு நிம்மதி இருக்கத்தான் செய்கிறது. யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதுவே குறை என்று அக்கா வந்த பிறகுதான் தோன்றியது.

நாங்கள் இருக்கும் தம்பேரே நகரத்தில் கோடை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சதுக்கத்தில் பழைய சாமான் சந்தை கூடும். கிர்ப்புதோரி என்பார்கள். வீட்டில் வேண்டாதவற்றை அவரவரே மேசை போட்டு விற்பார்கள். அங்கே கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம் என்று நான் வாய்தவறிச் சொன்னதுதான் தாமதம், அக்காவின் முகத்தில் விளக்கு எரிந்தது. அடுத்த ஞாயிறு ஆறரை மணிக்கே குளித்து, சீவி, சேலைக்குமேல் என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். “எட்டு மணிக்குத்தான்க்கா ஆரம்பிப்பாங்க” என்றால், “அதுக்குத்தான். நாமதான் மொத போணி” என்றாள். போணி ஆகாமல் அனுப்பினால் அன்றைய வியாபாரமே போய்விடும் என்று நம் பக்கத்தில் எந்தக் கடைக்காரரும் முதல் ஆளை வெறுங்கையோடு விடமாட்டார். நஷ்டமில்லாமல் எவ்வளவு இறங்க முடியுமோ அவ்வளவு இறங்கிவிடுவார். இங்கே போணி என்று ஒன்று கிடையாது, முதல் ஆளும் நாற்பதாவது ஆளும் ஒன்றுதான் என்று நான் சொன்னேன். “கெடையாதா? அப்ப காத்தால மொத காசு வாங்குனா கண்ணுல ஒத்திக்க மாட்டாங்களா?” என்று அவள் நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

மேசைகள் அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தன. எட்டாவதோ ஒன்பதாவதோ மேசையில், அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, பீங்கான் கோப்பைகளை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவற்றுக்கு நடுவில் அக்கா அதைப் பார்த்துவிட்டாள். எனாமல் பூசிய ஒரு தூக்குப்போசி. இரண்டு லிட்டர் பிடிக்கும். வெள்ளை உடம்பு, நீலக் கரை, அழுத்தி மூடினால் கவிழ்த்தாலும் சிந்தாத மூடி, கம்பிக் கைப்பிடியில் உருட்டிய மரக்கட்டை. இந்த ஊரில் ஒரு காலத்தில் இதில்தான் பால் வாங்கி வந்திருக்கிறார்கள். அக்கா அதைத் தட்டிப் பார்த்தாள், மூடியைத் திருகிப் பார்த்தாள், அடியைத் தடவினாள், உள்ளே முகத்தை விட்டு மோந்தும் பார்த்தாள். “இந்த மாதிரி மூடி இப்ப நம்மூர்ல வர்றதில்ல புள்ள. காட்டுக்கு மோர் கொண்டுபோவ இதுதான் வேணும்” என்று என் காதில் சொன்னாள். எதிரே இருந்தவருக்குத் தமிழ் தெரியாது என்றாலும், வேண்டும் என்று சொல்வதை மெதுவாகத்தான் சொன்னாள்.

முப்பது யூரோ என்று அதில் சீட்டு ஒட்டியிருந்தது. அக்கா பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். அந்த அம்மாள் புன்னகைத்துத் தலையை ஆட்டினார். “கொஞ்சம் பாத்துக் குடுங்கம்மா, காத்தால மொத போணி, கை ராசியான கை” என்று அக்கா தமிழில் பேசினாள். என்னைப் பார்த்து, சொல்லு என்று கண்ணைக் காட்டினாள். நான் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பது மட்டுமில்லை, இரண்டு மேசை தள்ளிப் போய்ப் பழைய புத்தகம் பார்க்கிறவள் மாதிரி நின்றுகொண்டேன். பக்கத்து மேசையில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு அடிக்கடி வரும் ஒருவர் இருந்தார். அவருக்கு நான் இந்த ஊர்க்காரியாகத் தெரிய வேண்டும். காலிக் கூடைக்குப் பதில் இப்போது கையில் புத்தகம், வேறு வித்தியாசம் இல்லை.

அக்கா பதினைந்துக்கு வந்தாள். அந்த அம்மாள் “கோல்மேகும்மெந்தா” என்றார், முப்பது என்று. அக்கா பதினெட்டு காட்டினாள். அதே சொல், அதே புன்னகை. அக்கா போசியை மிக மெதுவாக, சத்தம் வராமல் மேசைமேல் வைத்தாள். ஒருமுறை பார்த்தாள். பிறகு திரும்பி நடக்கத் தொடங்கினாள். அந்த நடை எனக்குத் தெரியும். டீச்சரின் நடை அது. ஒரு காலுக்கும் மறு காலுக்கும் நடுவில் ஒரு பேச்சுக்கு இடம் விட்டு நடக்கும் நடை. மூன்று அடி, ஐந்து அடி, எட்டு அடி. அந்த அம்மாள் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்தடியில் அக்கா ஒரு சட்டையைத் தொட்டுப் பார்ப்பதுபோல நின்றாள். பன்னிரண்டு. பதினைந்து. அதற்குள் சைக்கிளில் வந்த ஓர் இளம்பெண் போசியை எடுத்தாள், சீட்டைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசாமல் முப்பது யூரோவைக் கொடுத்துச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அக்கா திரும்பிப் பார்த்தபோது மேசைமேல் அந்த இடம் காலியாக இருந்தது.

பண்டம் போனதில்கூட அவளுக்கு வருத்தமில்லை. “கூப்புடவே இல்லையே சித்ரா. முப்பதுக்குத்தான் தருவேன்னாலும் ஒரு வார்த்த கூப்புட்டுச் சொல்லியிருக்கலாம்ல? அவ்ளோ நேரம் பேசியிருக்கோம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை. ஒரு வார்த்தை நான் மொழிபெயர்த்திருந்தால் போதும். அவளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அந்த அம்மாளிடம் போனேன். என் அக்காவுக்கு அது ரொம்பவும் வேண்டியிருந்தது, நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று காத்திருந்தாள் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. “அப்படியா? அவர் அதைக் கீழே வைத்துவிட்டாரே. வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார் என்று நினைத்தேன். முடிவெடுத்தவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டு எப்படித் தொந்தரவு செய்வது?” என்றார். உண்மையான வருத்தம். மறுபடி அப்படி ஒன்று கிடைத்தால் எடுத்து வைப்பதாகவும் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இந்த நாட்டில் பதினோரு வருடமாக எனக்குக் கிடைத்து வரும் மரியாதை இதுதான். என் முடிவில் யாரும் தலையிட்டதில்லை, யாரும் என்னைப் பின்னாலிருந்து கூப்பிட்டதும் இல்லை.

ஏரிக்கரையில் உட்கார்ந்து, வழியில் வாங்கிய ஸ்ட்ராபெரியைத் தின்றபடி அவர் சொன்னதை அக்காவிடம் சொன்னேன். “தொந்தரவா! கூப்புடறது தொந்தரவா!” என்று சிரித்தாள். சிரித்து முடிக்கும் முன்பே நான் கேட்டுவிட்டேன். பதினோரு வருடமாகத் தொண்டையில் நின்றது அப்படி வெளியே வந்து விழும் என்று நானே நினைக்கவில்லை.

“அன்னிக்கு தருமபுரி பஸ் ஸ்டாண்டுல நீ ஏன்க்கா என்னக் கூப்புடல?”

அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது அப்போது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெங்களூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இங்கே முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருந்தது. கிளம்புவதற்கு முதல்நாள், “வேணாம்னா சொல்லுக்கா, போவல” என்றேன். அவள் பாட்டுக்கு என் பெட்டிக்குள் புளியை அமுக்கி அமுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பெங்களூர் பஸ் நின்ற இடத்துக்கும் நாங்கள் நின்ற இடத்துக்கும் நடுவில் முப்பது அடி இருக்கும். இரண்டு பெட்டியையும் இழுத்துக்கொண்டு நான் மெதுவாக நடந்தேன். அவ்வளவு மெதுவாக என் வாழ்க்கையில் நான் நடந்ததில்லை. படியில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தபோது அவள் வேறு எங்கோ, பூக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தையில் தெரியாத மனிதர்களை எல்லாம் கூப்பிட்டவள், என்னைக் கூப்பிடவில்லை. ஓசூர் தாண்டும் வரை அழுதேன்.

அக்கா பழத்தின் காம்பைக் கிள்ளி ஒவ்வொன்றாக ஓரமாக வைத்தாள். “பஸ்ஸு சத்தம்” என்றாள் முதலில்.  அப்புறம் ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நீ மெதுவா நடந்தது தெரிஞ்சுது. எனக்குத் தெரியாதா? கூப்புட்டிருந்தா வந்திருப்ப. வந்து எம்பக்கத்துல சாக்குமேல குந்திக்கிட்டு, யாராச்சும் தெரிஞ்சவங்க வந்தா கூடைய எடுத்து மூஞ்சிய மறைச்சிருப்ப. அதான் வாய மூடிக்கிட்டு நின்னேன். ஒன் வெலைய எறக்கக் கூடாதுன்னு நின்னேன்.”

கூடையை அவள் பார்த்திருக்கிறாள். இத்தனை வருடமும் அதைச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். சற்று முன் புத்தகத்துக்குப் பின்னால் நின்றதையும் பார்த்திருப்பாள் என்று அப்போது எனக்குப் பட்டது. அழுகையும் வந்தது, எதற்கென்று தெரியாத ஒரு வீம்பும் வந்தது. அந்த வீம்பில்தான் நான் முதல் விலையைச் சொன்னேன்.

“அந்தப் பத்து சென்ட்டக் கோவிந்தண்ணனுக்கே குடுத்துடுக்கா. நான் எங்க வரப்போறேன்? பாப்பா இங்க படிக்குறா.”

“செரி” என்றாள் அக்கா.

அவ்வளவுதான். பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு அந்தச் ‘செரி’யின் வலி தெரியும். நாம் சொன்ன விலைக்கு எதிராளி உடனே ஒத்துக்கொண்டால், தோற்றது நாம்தான் என்று அர்த்தம். ஏன்டி அப்படிச் சொல்ற, யோசிச்சுச் சொல்லு, பாப்பா பெரியவளானா வரமாட்டியா, என்று ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் மிச்சமிருந்த பழத்தை மகளுக்கு என்று மூடி வைத்தாள். பிறகு வந்த ஐந்து நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் சமையலறை அலமாரியை ஒழுங்குபடுத்தினாள், என் கணவருக்குக் களி கிண்டக் கற்றுக்கொடுத்தாள். ஹெல்சிங்கி விமான நிலையத்தில் சோதனைக்குப் போகும் வரிசையில் அவள் நடந்தபோது நான் அவள் நடையைத்தான் கவனித்தேன். வேகமாகத்தான் போனாள். ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுக்க மறந்து, அதைப் போட்டுக்கொண்டே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு நடந்ததை வெளிநாட்டில் இருக்கும் உங்களில் சிலர் அறிவீர்கள். ஊரில் நமக்கென்று ஒரு காலி இடம் இருக்கும்வரை இங்கே எதையும் சமாளிக்கலாம். பனியில் வழுக்கி விழுந்தாலும், வேலையில் ஒருவர் முகம் கோணினாலும், ‘எனக்கு அங்கே இடம் இருக்கிறது’ என்று மனசுக்குள் ஒரு குரல் இருக்கும். அந்த இடத்துக்கு நாம் போகவே மாட்டோம் என்பது வேறு விஷயம். இப்போது அந்த இடத்தில் கோவிந்தன் கடக்கால் எடுத்துக்கொண்டிருப்பார். அவரைக்கொடியை வெட்டியிருப்பார்கள். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, அக்காவும் சொல்லவில்லை. வாராவாரம் போனில் மழை, தக்காளி விலை, மாமாவின் முழங்கால் என்று பேசிவிட்டு வைத்துவிடுவோம். கேட்டதைக் கொடுத்துவிட்டாள், இனி அவளிடம் நான் எதைக் கேட்பது?

செப்டம்பர் பாதியில் சந்தையின் கடைசி ஞாயிறு வந்தது. குளிர் ஏறத் தொடங்கியிருந்தது. நான் தனியாகப் போனேன். குட்டை முடி அம்மாள் என்னைக் கண்டதும் மேசைக்கு அடியில் குனிந்து ஒரு போசியை எடுத்து வைத்தார். எடுத்து வைக்கிறேன் என்று சொன்னவர், சொன்னபடியே செய்திருந்தார். அதே அளவு, பச்சைக் கரை, மூடியில் மட்டும் ஒரு சின்ன நெளிசல். இருபத்தைந்து யூரோ என்றார். கொடுத்திருக்கலாம், பர்ஸ் கையில்தான் இருந்தது. ஆனால் என் வாய், “பதினைந்து?” என்றது. பதினோரு வருடத்தில் முதல் தடவை. அவர் புன்னகைத்து, இல்லை என்று தலையசைத்தார். நான் அதை மெதுவாக, சத்தம் வராமல் மேசைமேல் வைத்தேன். திரும்பி நடந்தேன். எதற்காக நடந்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் கூப்பிடமாட்டார் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. மூன்று அடி, ஐந்து அடி, எட்டு அடி. கைப்பைக்குள் போன் அடித்தது.

“ஏ புள்ள, எங்க இருக்குற?” அக்காதான். பின்னால் ஒரே இரைச்சல். யாரோ கிலோ இருபது, கிலோ இருபது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் சந்தையிலிருந்து பேசுகிறாள்.

“வெளியதான்க்கா. சொல்லு.”

“கோவிந்தனுக்கு வெள்ளிக்கெழம எழுதிக் குடுத்துட்டேன். பத்து கேட்டான். ரெண்டு மாசம் இழுத்து அஞ்சுலதான் முடிச்சேன்.”

“அஞ்சு லட்சமா?”

“அட, அஞ்சு சென்ட்டு புள்ள. அவன் பையனுக்கு அது போதும், ரெண்டு பெட்ரூம் வருதாம். மீதி அஞ்சுக்கு எல்லக் கல்லு நட்டுட்டேன். நீ முழுசாக் குடுத்துடுன்ன, நான் முழுசா வெச்சிருக்கணும்னு இருந்தேன். ரெண்டுக்கும் நடுவுல முடிச்சாச்சு. நீ வா, வராமப் போ. எடம் இருக்குது.”

 பத்தடியில் நின்றுவிட்டிருந்தேன். இத்தனை வருடம் கழித்து, இத்தனை தூரத்திலிருந்து, சந்தை இரைச்சலுக்கு நடுவில் அவள் என்னைக் கூப்பிட்டுவிட்டாள்.

“என்ன சத்தத்தையே காணோம்? எங்க நிக்குற?”

“சந்தையில. அதே மாதிரி தூக்குப்போசி ஒண்ணு வந்திருக்குதுக்கா.”

“மூடி இருக்குதா?”

“இருக்குது. இருபத்தஞ்சு சொல்றாங்க. பதினஞ்சு கேட்டேன், மாட்டேங்கறாங்க. வெச்சிட்டு நடந்து வந்துட்டேன்.”

“கூப்புட்டாங்களா?”

“இல்ல.”

“அவங்க கூப்புட மாட்டாங்க புள்ள, அவங்க ஊரு வழக்கம் அப்பிடி” என்றாள் அக்கா. அந்தப் பக்கம் யாரோ அவளிடம் தக்காளி விலை கேட்டார்கள். அவருக்கும் பதில் சொல்லிவிட்டு, எனக்கும் சொன்னாள்: “அவங்க கூப்புடலன்னா என்ன, நீயே திரும்பிப் போ.”

போனை அணைக்காமல் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு காதில் பாப்பாரப்பட்டிச் சந்தை கிலோ இருபது என்று கத்திக்கொண்டிருந்தது. மறு காதில் தம்பேரே சந்தை ஒரு வார்த்தை பேசாமல் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தது. நான் திரும்பினேன்.